வாசகர் கேள்வி – பதில்: குழி வெட்டி மீட்ட நிலம்

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): சகாராவின் தென் ஓரத்து ஏழை நாடுகளில் குழி வெட்டியே தரிசை விளைநிலமாக்கினார்கள் என்கிறார்களே, அப்படி என்ன செய்கிறார்கள்?

பதில்: அந்த முறைக்கு 'ஸாய்' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் வடபகுதியில் உள்ள யாதெங்காவில் வேரூன்றியது. 1970களிலும் 80களிலும் வந்த வறட்சியில் அங்கே மேல்மண் அடித்துப் போய், தரை பொருக்குத் தட்டி இறுகிவிட்டது. பெய்கிற கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். கூர்கா கிராமத்து விவசாயி யாகூபா சவடோகோ, முன்னோர் வெட்டிய குழியை அகலப்படுத்தி, எருவும் இட்டுப் பயிர் எடுத்துக் காட்டினார். 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதை 2018இல் பெற்ற அவர் 2023இல் காலமானார்.

மழைக்குப் பல மாதம் முன்பே, வறண்ட காலத்தில் குழி வெட்டுவார்கள். விட்டம் 20 முதல் 40 செ.மீ., ஆழம் 15 முதல் 20 செ.மீ. மையத்துக்கு மையம் 80 செ.மீ. விட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 15,600 குழிகள், ஏக்கருக்கு 6,300. தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை போல் அணைக்க வேண்டும். மேல்பக்கம் குவித்தால் ஓடிவரும் நீரை அந்த மண்ணே தடுத்துவிடும். குழிக்கு 300 கிராம் மக்கிய எரு. அதைத் தேடிக் கறையான் வரும். நம் ஊரில் கறையானைக் கண்டால் மருந்தடிக்கிறோம். அங்கே அதுதான் பாதி வேலையைச் செய்கிறது. இறுகிய மண்ணில் அது குடையும் வழிகளில்தான் மழைநீர் கீழே இறங்குகிறது. முதல் மழையோடு சோளமோ கம்போ விதைத்து, இரண்டு மூன்று வாரத்தில் குழிக்கு மூன்று நாற்றை மட்டும் விட்டு மீதியைக் களைவார்கள். ஒன்றுமே விளையாத இடத்தில் மழைக்குத் தக்கபடி ஹெக்டேருக்கு 300 முதல் 1,500 கிலோ தானியம் கிடைக்கிறது.

எங்கே தவறுகிறது என்றால், பச்சைச் சாணத்தைப் போட்டால் சூட்டில் நாற்று கருகும். மணற்பாங்கான நிலத்தில் குழி நிற்காது, தூர்ந்துவிடும். ஆண்டு மழை 800 மி.மீ.க்கு மேல் போனால் நீர் தேங்கி வேர் அழுகும். சரிவான நிலத்தில் கல் வரப்பு இல்லாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே குழிகள் மண்மூடிப் போகும். அந்த வரப்பைச் சமமட்டத்தில் போட, நம் கொத்தனார்கள் பிடிக்கிற தண்ணீர் ட்யூப் போதும். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு யாதெங்கா விவசாயிகள் அந்த ட்யூப்பைக் கையில் எடுத்த பிறகுதான் கல் வரப்பு ஊர் ஊராகப் பரவியது. ஒரு சாண் உயரம் போதும். நீரை நிறுத்துவதல்ல, வேகத்தைக் குறைப்பதே அதன் வேலை.

கேள்வி (வாசகர், ஈரோடு): இவ்வளவு மலிவான வழி என்றால் எல்லோரும் ஏன் செய்யவில்லை?

பதில்: மலிவு என்பது பணத்தில் மட்டும்தான். ஒரு ஹெக்டேருக்குக் குழி வெட்டவே 300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழி வெட்ட வேண்டிய வறண்ட மாதங்களில்தான் இளைஞர்கள் கூலி தேடிப் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். எரு ஹெக்டேருக்கு 4 டன்னுக்கு மேல் வேண்டும். மாடில்லாத வீட்டுக்கு அது எங்கிருந்து வரும்? மாடு பூட்டிக் குறுக்கும் நெடுக்கும் கீறி, கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் குழி எடுத்தால் வேலை நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் வறண்ட காலத்தில் தீவனமின்றி மாடே சோர்ந்து கிடக்கும். ஆகவே இத்திட்டங்களில் பணம் போடுபவர்கள் பயிற்சி முகாமைக் குறைத்து, எரு வண்டிக்கும் மண்வெட்டிக்கும் தீவனத்துக்கும் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

கேள்வி (வாசகர், மன்னார்குடி): நைஜரில் கன்று நடாமலே மரம் வளர்த்தார்களாமே?

பதில்: ஆம், புர்க்கினா ஃபாசோவின் பக்கத்து நாடான அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில். வெட்டிய மரங்களின் தூர் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. 1983 முதல் மராடி பகுதியில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ இதைப் பரப்பினார். தூரிலிருந்து புதராக வரும் துளிர்களில் நேரான, வலுவான மூன்று முதல் ஐந்தை விட்டு மீதியை அறுத்துவிட வேண்டும். விட்டதிலும் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழிக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். முன்பு மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற சட்டம் இருந்ததால், விவசாயி துளிரைப் பிடுங்கி எறிந்தார்; வளர்த்தாலும் பலன் அவருக்கில்லை. கெடுபிடி தளர்ந்த பிறகே மரம் நின்றது.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் இதெல்லாம் தெரியுமா?

பதில்: சரியாகத் தெரியாது. புர்க்கினா ஃபாசோவின் முதன்மை ஏற்றுமதி 2009 முதல் தங்கம். தோண்டி விற்ற தங்கம் ஜிடிபியில் வருமானமாக ஏறும். பூமியில் இருப்பு குறைந்ததோ, மண் அரித்துப் போனதோ கழியாது. இயற்கை வளம் குறைவதைக் கழித்துப் பார்க்கும் கணக்கு ஒன்றை உலக வங்கி தனியே வெளியிடுகிறது. ஜிடிபியோடு அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): விளைச்சல் கூடியும் விவசாயி கையில் காசு நிற்பதில்லையே, அங்கே அதற்கு வழி உண்டா?

பதில்: நைஜரில் 'வாரன்டாஜ்' என்ற கிடங்குக் கடன் உண்டு. அறுவடையில் விலை சரிந்திருக்கும்போது விற்காமல், விவசாயிகள் மூட்டைகளைக் கிராமக் கிடங்கில் வைப்பார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு: ஒரு சாவி சங்கத்திடம், மற்றது கடன் கொடுத்தவரிடம். மூட்டையின் அன்றைய மதிப்பில் முழுதும் அல்லாமல் ஒரு பங்கு கடனாகக் கிடைக்கும். நான்கைந்து மாதம் கழித்து, விலை ஏறியதும் விற்றுக் கடனை அடைப்பார்கள். இடையில் அந்தப் பணத்தில் ஆடு கொழுக்க வைப்பதோ, காய்கறி போடுவதோ நடக்கும். அவசரத்துக்கென்று செலவழித்தால் வட்டிதான் மிஞ்சும். விலை ஏறாத ஆண்டும் வரும்; அதனால்தான் முழு மதிப்புக்கும் கடன் தருவதில்லை.

தட்டைப்பயறு என்றால் வண்டு துளைத்துவிடும். அதற்கு மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு கனத்த பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு. நன்றாகக் காயவைத்த பயற்றைக் காற்று இடைவெளியில்லாமல் அமுக்கி நிரப்பி, ஒவ்வொரு உறையையும் தனித்தனியே முறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டு பெருகாமல் மடியும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். கட்டிய இரண்டு மாதத்துக்குள் திறந்து பார்க்கக் கூடாது. கிழிசல் ஏதும் கண்டால் உறையை மாற்றிவிட வேண்டும்.