ராட்சதனைச் சாகவிடுங்கள், அக்கா

கேள்வி: எனக்கு 68 வயது. கோண்டாவிலில் மகளோடு இருக்கிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடுதான். பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 6. இரவில் கதை சொல்லித்தான் படுக்கவைப்பேன். கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த ராட்சதன், காட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், பின்வளவுப் புளியமரத்து முனி என்று என் அப்பாச்சி எனக்குச் சொன்ன கதைகள். இப்போது கொஞ்ச நாளாகப் பேரன் இரவில் கக்கூசுக்குத் தனியே போகமாட்டேன் என்கிறான். மகள் என்னில் பாய்கிறாள். "ஒன்றில் கதையை விடுங்கோ, இல்லாட்டி ராட்சதன் மன்னிப்புக் கேட்டுத் திருந்தினான் எண்டு முடியுங்கோ. யூடியூப்பில எத்தனை நல்ல கதை இருக்கு" என்கிறாள். பேத்தியோ, "சின்டரெல்லா எல்லாம் தெரியும் அம்மம்மா, வேற சொல்லுங்கோ" என்கிறாள். எனக்குத் தெரிந்த கதைகளும் முடிந்துவிட்டன. நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவா?

— அம்மம்மா, கோண்டாவில்

பதில்: அக்கா, எனக்கும் உங்களுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். மூன்று கதைகளை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதில் முதல் இரண்டும் கதை. மூன்றாவது கதையே இல்லை, அது ஊர்ச்செய்தி. உங்கள் பேரனைப் பிடித்திருப்பது அந்த மூன்றாவதுதான்.

யோசித்துப் பாருங்கள். ராட்சதன் எங்கே இருக்கிறான்? ஏழு கடல், ஏழு மலைக்கு அங்கால். முனி எங்கே இருக்கிறது? குசினிக் கதவைத் திறந்தால் தெரிகிற புளியமரத்தில், அதுவும் கக்கூசுக்குப் போகிற வழியில். ராட்சதனை "ஒரு ஊரிலே" என்று தொடங்கியிருப்பீர்கள். முனியை "உங்கட பூட்டனார் ஒருநாள் சாமத்தில வரேக்க" என்று தொடங்கியிருப்பீர்கள். ஆறு வயதுப் பொடியனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்களுக்குத்தான் மறந்துபோகிறது.

ஆசியா முழுவதும் கதைசொல்லிகள் இந்த விஷயத்தில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். யப்பானில் "முன்னொரு காலத்தில், ஏதோ ஓர் இடத்தில், ஒரு கிழவனும் கிழவியும்" என்று தொடங்குவார்கள். எந்த இடம் என்று சொல்லவே மாட்டார்கள். பாரசீகத்தில் "ஒருத்தர் இருந்தார், ஒருத்தர் இல்லை" என்று தொடங்கும். கொரியாக்காரரின் தொடக்கம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது: "புலி புகையிலை குடித்த காலத்திலே." புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் புலியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர அதிக நேரம் பிடிக்காது. இப்படித் தொடங்கியதுமே பிள்ளைக்கு விளங்கிவிடும், இது இங்கே நடக்காது, இன்றைக்கு நடக்காது என்று. அப்புறம் எவ்வளவு பயங்கரமும் வரலாம்.

அதனால் மகளிடம் பாதிக்குத் தோற்றுவிடுங்கள். முனியை நிறுத்துங்கள். ராட்சதன் மன்னிப்புக் கேட்கிற வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்குத் திருந்திய ராட்சதன் நல்ல முடிவு. பிள்ளை படுத்தபிறகு என்ன யோசிக்கும்? திருந்தினவன் திரும்ப மாறினால்? அவன் இப்ப எங்கே நிற்கிறான்? கிளியின் கழுத்தைத் திருகினான், ராட்சதன் செத்தான் என்றால் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை, பிள்ளை நித்திரையாகிவிடும். ஒவ்வொரு சிறகாகப் பிய்க்க ராட்சதனின் ஒவ்வொரு கையாகக் கழன்று விழுந்தது என்று நீங்கள் நீட்டிச் சொல்கிற ஆள் என்றால் (கடிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது) அதைச் சுருக்கலாம். சுருக்குவது கதைசொல்லியின் உரிமை.

பேத்தியின் விஷயம் எனக்கு ருசியான விஷயம். சின்டரெல்லா தெரியும் என்கிறாளா? சரி, அதே கதையின் ஆசியச் சொந்தக்காரரை எல்லாம் ஒவ்வொருத்தராகக் கூட்டி வாருங்கள்.

பிரெஞ்சுக்காரர் பெரோ சின்டரெல்லாவை அச்சிட்டது 1697இல். சீனாவில் துவான் செங்ஷி என்பவர் யே ஷியான் என்ற பெண்ணின் கதையை 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். அதில் தேவதையும் இல்லை, பூசணி வண்டியும் இல்லை. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை, பொன் கண்ணுள்ள ஒரு மீனை வளர்க்கிறாள். சிற்றன்னை அவளுடைய உடுப்பையே உடுத்திக்கொண்டு போய் மீனை ஏமாற்றிக் கரைக்கு வரவைத்து, கொன்று, சமைத்துத் தின்றுவிட்டு, முள்ளைக் குப்பைக்குள் புதைக்கிறாள். அந்த முள்தான் பிறகு யே ஷியான் கேட்டதை எல்லாம் கொடுக்கிறது. பொன் சப்பாத்து, தொலைந்த ஒற்றை, தேடி வருகிற ராசா எல்லாம் அதிலேயே இருக்கிறது. இந்தோனேசியாவில் அந்தப் பெண்ணுக்கும் சிற்றன்னையின் மகளுக்கும் பெயர் பவாங் பூத்தே, பவாங் மேரா, அதாவது உள்ளியும் சின்ன வெங்காயமும். அங்கே உள்ளி நல்லவள். மலேசியாவில் வெங்காயம் நல்லவள். குசினியில் வைத்துச் சொல்வதற்கு இதைவிட வாய்ப்பான கதை கிடையாது. இரண்டையும் உரித்துக்கொண்டே சொல்லலாம்.

ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது வியட்நாமின் தாம், காம் கதை. தாம் மூத்தவள், காம் சிற்றன்னையின் மகள். இங்கேயும் மீன் உண்டு, சப்பாத்து உண்டு, ராசாவோடு கலியாணம் உண்டு. மற்றக் கதைகள் முடிகிற அந்த இடத்தில்தான் இது சூடுபிடிக்கிறது. தகப்பனின் திவசத்துக்கு வீட்டுக்கு வந்த தாம், படையலுக்குப் பாக்குப் பறிக்கக் கமுகில் ஏறுகிறாள். சிற்றன்னை கீழே நின்று மரத்தைத் தறித்து அவளைக் கொன்றுவிடுகிறாள். தாம் குருவியாகப் பிறக்கிறாள், மரமாக முளைக்கிறாள், தறியாகிப் பேசுகிறாள், கடைசியில் ஒரு பழத்துக்குள் இருக்கிறாள். அந்தப் பழத்தை எடுத்துப்போன கிழவி வெளியே போகிற நேரமெல்லாம் தாம் வெளியே வந்து வீட்டைக் கூட்டி, சமைத்துவைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் ராசா அந்த வழியால் வந்து கிழவி வீட்டில் ஆறுகிறான். கிழவி வெற்றிலை கொடுக்கிறாள். வெற்றிலை ஒரு பறவையின் சிறகு போல மடித்திருக்கிறது. ராசா கையில் வாங்கினதும் கேட்கிறான், "இதை மடித்தது யார்?" அப்படி மடிக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும்.

திவசம், கமுகு, வெற்றிலை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதில் எதைப் புதிதாக விளங்கப்படுத்த வேண்டும்? வீட்டில் வெற்றிலைத் தட்டம் இருந்தால் கையில் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்துக்காட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு தாம் எடுக்கிற பழி கொதிநீரோடு தொடங்குகிறது, சில ஊர்களில் சொல்லும்போது அதற்கும் மேலே போகிறது, எனக்கே வயிற்றைப் பிரட்டும். இந்த முடிவைச் சொல்லலாமா கூடாதா என்று வியட்நாம்காரரே தங்களுக்குள் வாதாடியிருக்கிறார்கள். யப்பானில் கிழவியைக் கொன்று சூப் வைக்கிற விலங்கின் கதை ஒன்று உண்டு, சின்னப் பிள்ளைகளின் படப்புத்தகங்களில் அதைக் காயத்தோடு விட்டுவிடுகிறார்கள். காம் திருந்தினாள் என்று நீங்கள் சொன்னால் அது பொய். ராசா கண்டுபிடித்துக் கூட்டிப்போனான் என்று நிறுத்தினால் பொய் இல்லை. மிச்சத்தைப் பேத்தி பெரியவளானதும் தானே தேடிப் படிக்கட்டும்.

இருட்டுக்குப் பயந்த பேரனுக்கு ஒரு கதை கொரியாவில் இருக்கிறது, ஆனால் உடனே வேண்டாம். பயம் தெளிந்தபிறகு சொல்லுங்கள். மலைப்பாதையில் புலி ஒரு தாயை மறிக்கிறது: "ஒரு கொழுக்கட்டை தந்தால் உன்னைத் தின்னமாட்டேன்." (அவர்களுடையது வேறு வகைப் பலகாரம், கொழுக்கட்டை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சரி.) ஒவ்வொரு மேட்டிலும் அதே புலி, அதே கேள்வி. கடகம் வெறுமையானதும் தாயைத் தின்றுவிட்டு, அவளுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பிள்ளைகள் பின்பக்கத்தால் ஓடி மரத்தில் ஏறுகிறார்கள். எப்படி ஏறினீர்கள் என்று புலி கேட்க, நல்லெண்ணெய் பூசி ஏறினோம் என்கிறான் அண்ணன். புலி எண்ணெய் பூசி வழுக்கி வழுக்கி விழுகிறது. பேரன் சிரிக்கிற இடம் இது, இங்கே நன்றாக இழுத்துச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு வானத்தில் இருந்து நல்ல கயிறு இறங்குகிறது, புலிக்கு உக்கின கயிறு. வானத்துக்குப் போன தங்கைக்கு நிலவு வேலை கிடைக்கிறது. அவளுக்கு இரவென்றால் பயம். "சரி, நீ பகலில் சூரியனாக இரு, நான் இரவைப் பார்க்கிறேன்" என்று அண்ணன் மாறிக்கொள்கிறான். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளையை யாரும் நக்கல் அடிக்காத கதை.

அதுவரை பேரனுக்குச் சிரிப்புக் கதைகள். சிங்கள ஊர்களில் மகாதன முத்தா என்று ஒரு பெரிய அறிவாளி, பின்னால் ஐந்து சீடர்கள். ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டது. முத்தா வந்து பார்த்து, முதலில் ஆட்டின் தலையை வெட்டச் சொன்னார், தலை உள்ளே விழுந்ததும் பானையை உடைக்கச் சொன்னார். எங்கள் பரமார்த்த குருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சிரிப்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பஞ்சதந்திரத்தில் சத்துமாப் பானையை உதைத்து உடைத்த பிராமணனும், மேற்கில் பாலைக் கொட்டிய பால்காரியும் ஒரே மனக்கோட்டைக்காரர்கள்தான். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்தப் பால்காரியைப் பருத்தித்துறைப் பவளக்கொடியாக்கிவிட்டார். நீங்கள் அவளைக் கோண்டாவில் சந்தையில் நடக்கவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

யப்பானிய மீனவன் உராஷிமாவின் கதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை, மகள் கேட்டால் உடனே சம்மதிப்பாள். பொடியன்கள் துன்புறுத்திய ஆமையைக் காப்பாற்றியவனை ஆமை கடலுக்கடியில் உள்ள அரண்மனைக்குக் கூட்டிப்போகிறது. மூன்று வருடம் சந்தோஷமாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறான். ஊரில் 300 வருடம் போய்விட்டது. வீடு இல்லை, தெரிந்த முகம் ஒன்று இல்லை. திறக்கக்கூடாது என்று கொடுத்த பெட்டியைத் திறக்கிறான், புகை வருகிறது, கிழவனாகிவிடுகிறான். வெளிநாட்டில் இருந்து வந்து, ஒழுங்கையில் நின்று, "இதிலதானே எங்கட வீடு இருந்தது" என்று கேட்கிற ஆட்களைப் பார்த்த பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டு அழுவார்கள். பேத்திக்கு இதைப் பகலில் சொல்லுங்கள், படுக்கையில் வேண்டாம்.

எங்கள் ஊர் மாருதப்புரவீகவல்லியையும் விட்டுவிடாதீர்கள். குதிரை முகத்தோடு வந்து, கீரிமலைத் தண்ணீரில் முழுகி முகம் மாறிய சோழ இளவரசி. இவளும் பக்கத்து ஊர்தான், ஆனால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. மாவிட்டபுரம் கோயில் வீதியில் நிற்கும்போது சொன்னால் பேத்தி நூறு கேள்வி கேட்பாள்.

இனி மகள். யூடியூப்பை நான் திட்டப்போவதில்லை, அதிலும் நல்ல கதை உண்டு. ஆனால் பிள்ளை எந்த இடத்தில் விழி பிதுங்குகிறது என்று அந்தத் திரைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இதை வாதமாகச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் படுத்தபிறகு ஒருநாள் மகளுக்கே ஒரு கதை சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சேகரித்த கதை. ஒரு கைம்பெண், இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளைப் படுத்துகிற பாட்டை ஒருவரிடமும் சொல்லமுடியாமல், வாயை மூடி மூடி அவள் உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. ஒருநாள் கால் போன போக்கில் நடந்து ஊருக்கு வெளியே ஒரு பாழ்வீட்டுக்குள் போய், ஒரு சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள், அந்தச் சுவர் இடிந்து விழுகிறது, அவளுடைய பாரமும் கொஞ்சம் குறைகிறது. அடுத்த சுவருக்கு மூத்த மருமகள். இப்படி நாலு சுவரும் விழுந்தபிறகு லேசாக வீட்டுக்கு நடந்து வருகிறாள். வாயை மூடவா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. உங்கள் மகள் கெட்டிக்காரி போலத் தெரிகிறது, மேலதிகமாக ஒன்றும் சொல்லத் தேவையிராது.

கடைசியாக அந்தப் புளியமரம். நான் சொன்னது பொய் என்று பேரனிடம் சொல்லவேண்டாம், அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டான். முந்தி ஆட்கள் பொடியன்கள் புளியங்காய் களவெடுக்காமல் இருக்கச் சொன்ன கதை அது என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு பெட்டியில் பழம் பொறுக்குங்கள். மருமகனிடம் சொல்லிக் கக்கூசுப் பக்கம் ஒரு பல்பும் போடுவியுங்கள். சுவிட்ச் அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.