பல் எடுத்த பிறகு குழந்தைக்கு வலி மருந்து: எப்போது, எவ்வளவு?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, எடை 20 கிலோ. சொத்தையான கடைவாய்ப் பால்பல்லை நாளை எடுக்கப் போகிறார்கள். வலித்தால் பாரசிட்டமால் சிரப் கொடுக்கச் சொன்னார்கள். மருந்து என்றாலே எனக்குப் பயம். வலி தாங்காமல் அவள் அழும்வரை பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், அதுவரை காத்திருக்காதீர்கள். மரப்பு ஊசியின் வேலை பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிரப் முழுதாக வேலை செய்யவோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். அழுகை வந்த பிறகு கொடுத்தால் அந்த நேரம் முழுக்கக் குழந்தை வலியோடுதான் இருக்க வேண்டும். அதனால் மரப்பு இருக்கும்போதே முதல் வேளையைக் கொடுத்துவிடலாமா என்று நாளை பல் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்.

பலர் தடுமாறுவது அளவில்தான். பாரசிட்டமாலை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம். இனி பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றிருந்தால் 5 மில்லி போதும். 5 மில்லியில் 120 என்றிருந்தால் அதே 5 மில்லி பாதி மருந்துதான்; 10 மில்லி தேவைப்படும். இதைக் கவனிக்காமல் குறைவாகக் கொடுத்துவிட்டு, ‘மருந்தே கேட்கவில்லை’ என்று வருந்தும் பெற்றோர் நிறையப் பேர். சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளையைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கும் வலி அடங்காவிட்டால் ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதைச் சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும். ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். கோடீன், ட்ரமடால் என்ற வலுவான வலி மருந்துகள் இரண்டும் சில குழந்தைகளின் உடலில் வேகமாக வீரியம் கூடி மூச்சையே மட்டுப்படுத்திவிடும். 12 வயதுக்குக் கீழ் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே அறிவித்துவிட்டது.

எல்லாக் குழந்தையும் வலியைச் சொல்லாது. ஒரு பக்கமாகவே மெல்வது, சாப்பாட்டை ஒதுக்குவது, கன்னத்தில் கை வைத்தபடி சுருண்டு படுப்பது எல்லாமே வலிதான். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பாள், நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் உதடு. மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருப்பார்கள், வலி தெரியாதே! மறுநாள் அது வீங்கி, மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பார்ப்பவர்கள் சீழ் என்று பயந்து ஆன்டிபயாடிக் தேடி ஓடுகிறார்கள். அது பெரும்பாலும் கடித்த புண்தான், ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். மரப்பு போகும்வரை மெல்லும் உணவு கொடுக்காமல், பக்கத்திலேயே இருந்து வாயைக் கவனியுங்கள்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு மூன்று நாளில் குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.