சாழலுக்கு எதிர்வரிசை வேண்டும்

வணக்கம் ஐயா. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் எட்டு ஒன்பது பேர் கூடித் திருவாசகம் வாசிக்கிறோம். மூன்று ஆண்டுகள் ஆகியும் கூட்டுச் சிந்தனை என்பது கைகூடவில்லை. வாசிக்கிறோம், ஒருவர் விளக்கம் சொல்கிறார், தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் சில வாரம் வந்து உட்கார்ந்து, எதிர்க்கேள்வி கேட்டு அமைதியைக் கெடுத்துவிடுகிறாள். ஓய்வு பெற்றதும் காரைக்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி எளிமையாக இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கிராமத்து மக்கள் ஒரே மனமாகச் சிந்திக்கிறார்கள். அடுக்குமாடி வாழ்க்கையில் அது சாத்தியமா? எந்த உரை நல்லது, கைப்பேசியில் பார்த்து வாசிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

பதம் பிரித்த பதிப்பு எதுவானாலும் போதும். கைப்பேசி வேண்டாம், நடுவில் யாராவது அழைப்பார்கள். அந்த இரண்டுக்கும் இவ்வளவுதான்.

எளிமையாக வாழ ஆசைப்படுவது நல்ல ஆசை. அது உங்களுக்கு வாய்க்கட்டும். ஆனால் கிராமத்துக்கு ஒரே மனம் என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஒரே மனமாக இருந்த ஊரில் சேரி ஏன் தனியாக இருந்தது? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியார் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்மாய்த் தண்ணீர் முறையில் கொஞ்சம் பிசகினாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள்தான் அந்தக் கிராமத்து மக்களும். ஊரில் சேர்ந்து நடந்தது வேலை. மனம் அந்த வேலையின் பின்னால் வந்தது, சில சமயம் வராமலும் போனது.

நீங்கள் மூன்று ஆண்டாக வாசிக்கும் நூலே இதைச் சொல்கிறது. பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் மாணிக்கவாசகர், தம் ஆழமான சிந்தனையை எங்கே கொண்டுபோய் வைத்தார்? காய்களை எறிந்து பிடிக்கும் அம்மானை ஆடுவதில், வாசனைப் பொடியான சுண்ணம் இடிப்பதில், பூக் கொய்வதில், ஊசல் ஆடுவதில். அதாவது ஊர்ப் பெண்கள் கூடிச் செய்யும் வேலையிலும் விளையாட்டிலும். 51 பகுதிகளில் இத்தனை பகுதிகள் இப்படி இருக்க, நீங்கள் எல்லாவற்றையும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரே குரலில் வாசித்துத் தள்ளுகிறீர்கள்.

ஓர் உரலில் இருவர் உலக்கை போடுவதை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளுடையது இறங்க வேண்டும். வலு குறைந்தவளின் வேகம்தான் இருவருக்கும் வேகம். ஒருத்தியின் கவனம் சிதறினால் உலக்கைகள் மோதும், கை அடிபடும். எப்போது இறக்குவது என்பதைப் பாட்டுத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இருவர் மூச்சும் கவனமும் இப்படித்தான் ஒன்றாகின்றன. கண்ணை மூடி உட்கார்ந்து ‘ஒன்றாகச் சிந்திப்போம்’ என்றால் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் இருப்பார்கள்.

அடுக்குமாடியில் உரல் போட முடியாது, கீழ்வீட்டுக்காரர் பாவம். பூத்தொடுங்கள். தேக்காவில் உதிரி மல்லிகை வாங்கும்போது இறுகிய மொட்டாகப் பாருங்கள். விரிந்த பூ தொடுக்கும்போதே இதழ் கழன்றுவிடும். ஆளுக்கு இரண்டு கைப்பிடி போதும். வாழைநாரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு மெல்லியதாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் முடிச்சு போடும் இடத்தில் அறும். காம்புகள் நடுவில் சேர, இந்தப் பக்கம் இரண்டு மொட்டும் அந்தப் பக்கம் இரண்டு மொட்டும் வைத்து முடிச்சிடுங்கள். அதிகமாக இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு விழும், தளர்ந்தால் சரத்தைத் தூக்கியதும் உதிரும். திருவாசகத்தில் பூக் கொய்யும் பாட்டான திருப்பூவல்லியை அப்போது பாடுங்கள். கைக்கு வேலை இருக்கும்போது விளக்கம் சொல்லும் ஆசை தானாகக் குறையும்.

இனி உங்கள் மகள். போகிற போக்கில் ஒரு வரியில் அவளைக் குறை சொல்லிவிட்டீர்கள். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

திருவாசகத்தில் வரும் திருச்சாழலை எடுங்கள். 20 பாட்டு, ஒவ்வொன்றும் நாலடி. முதல் இரண்டடியில் ஒருத்தி கேட்கிறாள், பின் இரண்டடியில் இன்னொருத்தி பதில் சொல்கிறாள். கேட்பது என்ன மென்மையான கேள்வியா? இந்தச் சிவன் சாம்பலைப் பூசிக்கொண்டு பாம்பையும் அணிந்துகொண்டு வேதம் பேசுகிறானே, இது என்னடி என்கிறாள். எல்லோருக்கும் ஈசன் என்கிறாய், தைத்த கோவணத்தைக் கட்டியிருக்கிறானே என்கிறாள். சுடுகாட்டில் குடியிருக்கிறான், தாயும் இல்லை தந்தையும் இல்லை என்கிறாள். இவ்வளவையும் ஒரு பக்தர் தம் நூலுக்குள்ளேயே முழுப் பலத்தோடு கேட்க விட்டிருக்கிறார். தில்லையில் ஈழத்துப் பௌத்தர்களோடு நடந்த வாதத்தில், அரசனின் பேச்சே வராத மகள் வாய்திறந்து சொன்ன பதில்களே சாழல் என்பது புராணம். பேசாத பெண்ணைப் பேசவைத்த பாட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, பேசுகிற பெண்ணை வாயடைக்கப் பார்க்கிறீர்கள். இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

செய்யவேண்டியது இது. தரையில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி போதும், தள்ளி உட்கார்ந்தால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். கேள்வி வரிசை இரண்டடியைப் பாடட்டும். பிறகு அந்த வரிசையில் ஒருவர் மட்டும் அதே கேள்வியை இன்றைய பேச்சுத் தமிழில், தனக்கே உள்ள சந்தேகமாகக் கேட்கட்டும். பதில் வரிசை பத்து மூச்சு வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு பதில் அடிகளைப் பாடிவிட்டு, அங்கேயும் ஒருவர் சொந்தச் சொல்லில் சொல்லட்டும். திருப்தி இல்லையென்றால் இல்லை என்று சொல்ல இடம் கொடுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம், அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

வாரம் மூன்று பாட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆறு வாரத்தில் 18 ஆகும். ஏழாவது வாரம் மீதி இரண்டையும் முடித்து, 20 பாட்டையும் பேச்சே இல்லாமல் ஒருமுறை மாறி மாறிப் பாடுங்கள். பத்தாம் பாட்டு முடிந்ததும் வரிசைகள் இடம் மாற வேண்டும், பதில் சொன்னவர்கள் கேட்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்வி வரிசையில்தான். பதில் தெரிந்த தைரியத்தில் கேள்வியை ஒப்புக்குப் பாடுவார்கள், கேள்வி செத்துப்போகும். வேகமாகப் பாடினால் அடியின் முடிவில் வரும் ‘ஏடீ’ விழுங்கப்படும், அந்த விளி இல்லாமல் அது தோழியிடம் கேட்பதாகவே இராது. உங்கள் குழுவில் விளக்கம் சொல்பவர் இருக்கிறாரே, முதல் பத்துப் பாட்டுக்கும் அவர் கேள்வி வரிசையில் உட்காரட்டும். அவருக்கு அது கஷ்டமாக இருக்கும். அன்பாகச் சொல்லி உட்காரவையுங்கள்.

மகளையும் அதே வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். அமைதியைக் கெடுக்காதே என்று சொன்ன நீங்களேதான் போய்க் கூப்பிட வேண்டும், அவள் அம்மாவை அனுப்பாதீர்கள். நம்பிக்கை இல்லை என்று சொன்னால், கேள்வி கேட்க நம்பிக்கை தேவையில்லை என்று சொல்லுங்கள். பத்தாம் பாட்டுக்குப் பிறகு எல்லோரும் இடம் மாறும்போது அவள் மாற மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், இருபதையும் அவளே கேட்கட்டும்.