24,000 டாலர் புரோநோட்டு: இளம் விமானி கையெழுத்திடலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். இங்கேயே வளர்ந்த எங்கள் மகள், பொறியியல் பட்டத்துக்குப் பிறகு வணிக விமானி உரிமமும் பயிற்றுநர் உரிமமும் பெற்றிருக்கிறாள். இதுவரை 620 மணி நேரம் பறந்திருக்கிறாள். பயிற்றுநர் வேலையில் மாதத்துக்கு ஏறக்குறைய 55 மணி நேரம் சேர்கிறது. இப்போது ஒரு சிறிய சரக்கு விமான நிறுவனம் செஸ்னா கேரவன் என்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் இணை விமானி வேலை தருவதாகச் சொல்கிறது. பயிற்சிச் செலவு 24,000 டாலர் என்று குறித்து, 24 மாதங்களுக்குள் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பித் தருவதாகப் புரோநோட்டு எழுதித் தர வேண்டுமாம். என்னிடமும் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள். "கிடைத்த வாய்ப்பை விடாதே" என்று அவளுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். இப்போது இருக்கும் வடிவத்தில் உங்கள் மகள் அதில் கையெழுத்திடக் கூடாது. நீங்கள் எந்த வடிவத்திலும் ஜாமீன் கையெழுத்திடக் கூடாது. பயிற்சி ஒப்பந்தம் என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒரு விமானிக்குச் செலவு செய்து பயிற்சி கொடுத்த மூன்றாம் மாதமே அவர் பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டால், பத்துப் பன்னிரண்டு விமானங்களை வைத்துக்கொண்டு பிழைக்கும் முதலாளிக்கு அது உண்மையான நட்டம்தான். ஆனால் விலை கேட்பவர் அதற்குரிய சரக்கைக் காட்ட வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் விலை இருக்கிறது, சரக்கைக் காணவில்லை.

குறைந்த மணிக்கணக்குள்ள விமானிகள் ஏன் இத்தகைய தாள்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக, பயணிகள் விமான நிறுவனங்களில் இணை விமானியாக அமர்வதற்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. விமானவியலில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு இது 1,000 மணி வரை குறையும். உங்கள் மகள் படித்தது வேறு பொறியியல் என்பதால் அந்தச் சலுகை அவளுக்கு இல்லை. ஆக வணிக விமானி உரிமம் கிடைக்கும் 250 மணிக்கும் 1,500 மணிக்கும் நடுவே ஒரு நீண்ட பாலைவனம் கிடக்கிறது. அதில் யார் தண்ணீர் காட்டினாலும் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

இனி அந்த 24,000 டாலருக்கு வருவோம். கேரவனின் மொத்த எடை ஒன்பதாயிரம் பவுண்டுக்கும் குறைவு. 12,500 பவுண்டுக்கு மேற்பட்ட விமானங்களுக்கும் ஜெட் விமானங்களுக்கும்தான் டைப் ரேட்டிங் என்ற தனித் தகுதி தேவைப்படுகிறது. ஏடிஆர் 72 போன்ற பெரிய விமானத்தில் பயிற்சி கொடுத்தால் அந்தத் தகுதி உரிமத்திலேயே ஏறும், வேறு எங்கே போனாலும் கூடவே வரும். அதற்குச் சிமுலேட்டர் வாடகையும் உண்டு, ஆகவே பெரிய தொகை கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கேரவனில் அப்படி எதுவும் உரிமத்தில் ஏறாது. சில நாள் வகுப்பு, சில மணி நேரப் பறத்தல், பிறகு நிறுவனத்தின் தேர்ச்சிச் சோதனை. அந்தச் சோதனை பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அடுத்த வேலையில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஆகவே முதல் கேள்வியாக, 24,000 டாலரும் எந்தெந்தச் செலவுக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான செலவைக் குறித்திருப்பவர் பத்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. பலர் இதைக் கேட்பதே இல்லை. வலப்பக்க இருக்கையில் அமரும் நேரத்தை உங்கள் மகள் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், சட்டப்படி எழுத முடியுமா? கேரவன் ஒரே விமானி ஓட்டுவதற்கென்று சான்று பெற்ற விமானம். விமானமோ, அந்தப் பயணத்துக்குரிய விதியோ இரண்டாம் விமானியைக் கட்டாயமாக்கினால்தான் இணை விமானி நேரத்தை எழுத முடியும் என்பது பொது விதி. ஐஎஃப்ஆர் முறையில், அதாவது கருவிகளை நம்பிப் பறக்கும்போது, இரண்டாம் விமானி வேண்டும் என்று சொல்லும் 135.101 விதி பயணிகளை ஏற்றும் விமானங்களுக்கு உரியது; பெட்டிகளை மட்டும் ஏற்றும் விமானத்துக்கு அது பொருந்தாது. 2018-இல் எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, ஒரு வழி திறந்துவிட்டது. இணை விமானி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்கு நிறுவனம் முறைப்படி அனுமதி பெற்றிருந்தால், கேரவனிலும் அந்த நேரத்தை எழுதிக்கொள்ளலாம். அனுமதி இல்லாவிட்டால் உங்கள் மகள் இரண்டு ஆண்டுகள் வலப்பக்கம் அமர்ந்திருந்தாலும் கணக்கில் சேர்வது ஒன்றுமில்லை. சேர்ந்ததாக எழுதிக்கொண்டால், பின்னாளில் அது பொய்ப் பதிவு என்று கருதப்பட்டு உரிமத்துக்கே ஆபத்தாக முடியலாம். அந்த அனுமதியின் நகலைக் கண்ணால் பார்க்காமல் பேச்சைத் தொடர வேண்டாம். "எல்லோரும் எழுதுகிறார்கள்" என்று பதில் வந்தால், அன்றே எழுந்து வந்துவிடலாம்.

அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். இத்தகைய சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் பெரிய கூரியர் நிறுவனங்களுக்குக் கிளை ஓடையாக வேலை செய்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்குச் சரக்கு வண்டி விமானத்தின் பின்கதவு வரை வந்து நிற்கும். விமானியும் கூட நின்று பெட்டிகளை ஏற்றி, வலையை இழுத்துக் கட்டி, எடைக் கணக்கைச் சரிபார்த்து, குளிர்காலமானால் இறக்கையில் படிந்த உறைபனியை அகற்றிவிட்டுப் புறப்பட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு சிற்றூரில் இறங்கினால் மாலை வரை அங்கே ஏதாவது ஓர் அறையில் காத்திருப்பு. மாலையில் திரும்பும் சரக்கோடு மீண்டும் ஒரு மணி நேரம். நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்கும் வழித்தடமும் இதே மாதிரிதான். நாளுக்கு இரண்டு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 43 மணி. சரக்கு விமானத்தில் ஐஎஃப்ஆர் முறையில் கேப்டனாவதற்கு மொத்தம் 1,200 மணி வேண்டும். அதில் 500 மணி தொலைப்பயணம், 100 மணி இரவு, 75 மணி கருவிப் பறத்தல் என்று உள்கணக்கும் உண்டு. உங்கள் மகளுக்கு இன்னும் 580 மணி குறைகிறது. பயிற்றுநராகவே இருந்தால் பதினொரு மாதத்தில் அதை எட்டுவாள். இந்த வேலையில் சேர்ந்தால் பதின்மூன்றரை மாதம் ஆகும். தலைமேல் கடனும் இருக்கும்.

மணிக்கணக்கு மட்டுமே அனுபவம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். டர்பைன் இயந்திரம், மேகத்துக்குள் இறங்குதல், குறித்த நேரத்தில் கடமை, நல்ல கேப்டனின் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் கற்பது ஆகியவை பயிற்சிப் பள்ளியின் சிறு விமானத்தில் கிடைக்காது. இரண்டரை மாதத் தாமதம் அதற்கு ஈடாகாத விலையல்ல. நான் தயங்குவது தாமதத்துக்காக அல்ல, தாளின் நான்காம் பக்கத்துக்காக.

அந்தப் பக்கத்தில் மூன்று வரிகளை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். முதலாவது, 23-ஆம் மாதம் விலகினாலும் முழு 24,000 டாலரையும் தர வேண்டும் என்பது. நியாயமான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு கழிந்துகொண்டே வரும். இரண்டாவது, "எக்காரணத்தால் வேலை முடிவுற்றாலும்" தொகை உடனே செலுத்தத்தக்கது என்பது. எக்காரணம் என்றால், நிறுவனமே அவளை நீக்கினாலும், வழித்தடம் போனாலும், நோய் வந்து மருத்துவச் சான்று நின்றாலும் அவள்தான் கடனாளி. இது வெறும் கற்பனை அச்சமல்ல. சிறிய சரக்கு நிறுவனத்தின் வாழ்வு ஒரே ஒரு வாடிக்கையாளரின் கையில் இருக்கும். 2024 செப்டம்பரில் அமெரிக்க அஞ்சல் துறையின் விமானச் சரக்கு ஒப்பந்தம் ஃபெட்எக்ஸிடமிருந்து யூபிஎஸ்ஸுக்கு மாறியது. மலை போன்ற நிறுவனங்களுக்கே சரக்கு ஒரே நாளில் கைமாறும் என்றால், அவர்களை அண்டிப் பிழைக்கும் சிறியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வரி மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது: கேப்டன் பதவி உயர்வின்போது புதிய 24 மாதக் காலம் தொடங்கும். ஆகவே நீங்கள் இரண்டு ஆண்டு என்று நினைப்பது உண்மையில் மூன்று ஆண்டுக்கு மேல்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது பணம் அல்ல. பனி உறையும் மேகங்களில் கேரவன் விமானங்கள் விபத்துக்குள்ளான வரலாறு இருக்கிறது. அதனால் 2006-இலும் 2007-இலும் எஃப்ஏஏ அவ்விமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. அத்தகைய காலைப்பொழுதில் "இன்று நான் போகமாட்டேன்" என்று சொல்வதுதான் ஒரு விமானியின் முதல் கடமை. அப்படிச் சொன்னால் வேலை போகலாம், வேலை போனால் மறுநாளே 24,000 டாலர் கட்ட வேண்டும், அப்பாவின் வீடும் ஜாமீனில் இருக்கிறது என்று எண்ணுகிற இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் நாவில் அந்தச் சொல் எளிதில் எழாது. பாதுகாப்புக் குறைபாட்டை எடுத்துச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டால் 90 நாள்களுக்குள் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பில் முறையிடலாம் என்று சட்டம் இருக்கிறது. இதை அவள் தெரிந்து வைத்திருக்கட்டும். ஆனால் அந்தச் சட்டம் வானத்தில் அவள் பக்கத்தில் அமர்ந்திருக்காது. நான் உங்களை ஜாமீன் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சட்டப் பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் இத்தகைய "இரு, இல்லையேல் கட்டு" ஒப்பந்தங்கள் சில விலக்குகளைத் தவிரப் பொதுவாகச் செல்லாது. எந்த மாநிலத்துச் சட்டம் பொருந்தும், எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் என்று எழுதியிருக்கும் வரியை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம் வீண்போகாது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: தொகை உண்மைச் செலவின் அளவுக்குக் குறைக்கப்பட வேண்டும், காலம் பன்னிரண்டு மாதமாக இருந்து மாதாமாதம் கழிய வேண்டும், அவளாக விலகினால் மட்டுமே கடன் எழ வேண்டும், கேப்டனாகும்போது புதிய காலம் தொடங்கக் கூடாது, ஜாமீன் கூடாது. இவற்றுக்கு இணங்கி, இணை விமானி திட்டத்தின் அனுமதியையும் காட்டினால், தாராளமாகச் சேரலாம். நல்ல பள்ளிக்கூடமாகவே அது அமையும். இணங்காவிட்டால் பயிற்றுநராகத் தொடர்ந்து, 1,200 மணியோடு இதே போன்ற நிறுவனங்களின் கதவைத் தட்டட்டும். அப்போது அவள் நேராகக் கேப்டன் இருக்கைக்குத் தகுதி பெற்றவளாகப் போவாள். பேரம் பேசும் பலமும் அவளிடம் இருக்கும். 2022, 2023 ஆண்டுகளில் இருந்த ஆள்சேர்ப்பு வேகம் 2024-இல் தணிந்துவிட்டது என்பதால் நண்பர்கள் அவசரப்படுத்துகிறார்கள். வேலை குறைந்த காலத்தில் அவசரம் வருவது இயல்பு. அந்த அவசரத்தை நம்பித்தான் இத்தகைய தாள்களும் அச்சாகின்றன.

கேள்வி: நான் இதே போன்ற ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டு எட்டு மாதம் ஆகிறது. வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விலகினால் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவிடுவோம் என்றும், விமானிப் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி வைப்போம் என்றும் மிரட்டுகிறார்கள்.

பதில்: எஃப்ஏஏ நடத்தும் விமானிப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறுவது பயிற்சி, சோதனை முடிவுகள், ஒழுங்கு நடவடிக்கை, வேலையிலிருந்து பிரிந்த விவரம் போன்றவை. கடன் பாக்கி என்பது அங்கே எழுதத்தக்க செய்தி அல்ல. உங்கள் பதிவை நீங்களே பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தம் கோரவும் உரிமை உண்டு. விலகுவதற்கு முன் ஒருமுறையும், விலகி இரண்டு மாதம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். கடைசிச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதற்கும் எல்லை இருக்கிறது: பயிற்சிச் செலவைக் காட்டி உங்கள் ஊதியத்தைக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே இறக்க முடியாது. பல மாநிலங்களில் விதி இதைவிடக் கடுமை.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடாதீர்கள். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, உண்மைச் செலவுக் கணக்கை எழுத்தில் கேட்டு, எட்டு மாதத்தைக் கழித்து மீதியைத் தவணையில் தருவதாக நீங்களே கடிதம் எழுதுங்கள். நீதிமன்றம் போவதைவிட இதற்கு இணங்குவதே பல நிறுவனங்களுக்கு லாபம். புதிய நிறுவனத்திடமும் இந்தக் கடனை மறைக்காமல் சொல்லுங்கள். சேர்க்கை ஊக்கத்தொகையை முன்கூட்டியே தர அவர்கள் முன்வரலாம். பேச்சு முடிந்து பணம் கட்டும் நாளில், கணக்கு முழுவதும் தீர்ந்தது என்ற கையொப்பமிட்ட கடிதத்தையும், நீங்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டின் மூலப்படியையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.