கேள்வி - பதில்: டவரில் புதுப் பெட்டி

பக்கத்துத் தெரு டவரில் நீளமான ஆண்டெனாக்களுக்கு நடுவே குட்டையாக ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அதுதான் 5ஜியா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பழைய நீளப் பலகை தன் பக்கம் முழுக்க ஒரே மாதிரி சிக்னலைப் பரப்பிவிட்டுச் சும்மா இருக்கும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதற்குக் கவலையே இல்லை. புதுப் பெட்டிக்குள்ளே குட்டிக் குட்டியாக நிறைய ஆண்டெனாக்கள், பரவலாக வரும் ஒரு வகையில் 192. 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ., அதில் பாதி இடைவெளி விட்டு அடுக்கினால் போதும் என்பதால்தான் இத்தனையும் ஒரு பெட்டிக்குள் அடங்குகின்றன. உங்கள் போன் அடிக்கடி ஒரு சின்ன அடையாள சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று பார்த்து, பதில் அனுப்பும்போது அதே கணக்கில் நேரத்தைச் சரிசெய்து அனுப்புவார்கள். அலைகள் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்றுகூடும், மற்ற இடங்களில் பெருமளவு அடிபட்டுப் போகும். அதனால் ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் பல பேருக்குக் கொடுக்கலாம். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தின் தாமஸ் மார்செட்டா 2010-ல் எழுதிய கட்டுரைதான் இதற்குப் பிள்ளையார் சுழி.

2022-ல் 5ஜிக்காக 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் ஏலம் விட்டார்களே, என் போனில் ஏன் வரவில்லை? காற்று தின்றுவிடுகிறதா?
- ஒரு வாசகர், ஓசூர்

காற்றின் மேல் பழி போடாதீர்கள். கொட்டும் மழையில்கூட 200 மீட்டருக்கு ஒன்றிரண்டு டெசிபல்தான் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) போகும், அது பெரிய இழப்பில்லை. விஷயம் என்னவென்றால், அலைநீளம் குறையக் குறைய ஆண்டெனாவும் சுருங்கும், அது அள்ளும் பரப்பு அதன் வர்க்கத்தில் சுருங்கும், 3.5-லிருந்து 26-க்குப் போனால் சுமார் 55 மடங்கு குறைவு. ஆனால் அதே இடத்தில் 55 ஆண்டெனாக்களை வைக்கலாமே! ஆக அந்தக் கணக்கு நேராகிவிடும். நேராகாதது சுவர், மரம், உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி, அப்புறம் போனைப் பிடித்திருக்கும் உங்கள் கை. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 12-ன் பக்கவாட்டில் இந்த மாதிரி அலைகளுக்கென்றே ஒரு நீள்வட்டப் பட்டை இருக்கும், இந்திய மாடலில் கிடையாது. என்னைக் கேட்டால் 26 கிகாஹெர்ட்ஸுக்குச் சரியான இடம், மொட்டைமாடியில் அசையாமல் நிற்கும் வீட்டு இணையப் பெட்டிதான்.

அப்போ 6ஜி இன்னும் மேலேதான் போகுமா?
- அதே வாசகர்

டெராஹெர்ட்ஸ், அதாவது ஆயிரம் கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்கிறார்கள். நிஜமான பேரம் 7.125 முதல் 8.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சுற்றித்தான் நடக்கிறது, 2027-ல் ஷாங்காயில் கூடும் உலக ரேடியோ மாநாட்டில் அது வருகிறது. எனக்கும் இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. 7 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.5-ல் இருப்பதில் பாதியாவதால், அதே அளவுப் பெட்டியில் நாலு மடங்கு ஆண்டெனா வைக்கலாம், புது டவர் நடாமல் இருக்கிற டவரிலேயே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம்.