முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு வரும் அறிவிப்புகளில் எதைத் தவறவிடக் கூடாது?

கருத்தரங்கு, போட்டி, நிதியுதவி என்று பல்கலைக்கழகத்திலிருந்து வாரந்தோறும் அறிவிப்பு வருகிறதே, எதற்கு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முதல் தேர்வு 'மூன்று நிமிட ஆய்வுரை'ப் போட்டி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இந்தப் போட்டியை 2008இல் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வைத் துறை சாராதவருக்கும் புரியும்படி 3 நிமிடத்தில் சொல்ல வேண்டும். அசைவில்லாத ஒரே ஒரு ஸ்லைடுதான் அனுமதி. நேரம் தாண்டினால் தகுதியிழப்பு. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்பதற்கு விடை தேடித் தேடியே ஆய்வின் மையம் உங்களுக்குத் தெளிவாகிவிடும். பின்னாளில் நேர்காணலிலும் அந்தத் தெளிவுதான் கைகொடுக்கும்.

அடுத்து மாநாட்டுப் பயண நிதி. பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். மாநாட்டு நாளை மட்டும் குறித்துவைக்காதீர்கள். ஆய்வுச்சுருக்கம் அனுப்பும் கெடு பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுரை ஏற்கப்பட்டதற்கான கடிதமும் நெறியாளரின் பரிந்துரையும் கேட்பது வழக்கம். நெறியாளருக்கு இரண்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள். முந்தின நாள் இரவு போய்க் கேட்பது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

எழுத்துப் பயிலரங்கு இருந்தால் முதலாண்டிலேயே போய்விடுங்கள். ஆய்வேட்டில் பாதி எழுதிய பிறகு போனால், பழகிப்போன பிழைகளைத் திருத்துவதே பெரும்பாடாகிவிடும்.