ஆல்வின் எய்லி நடனக் குழுவில் கறுப்பினத்தவர் மட்டும்தான் ஆடுவார்களா? வழிநடத்தியவர்கள் யார்?

இல்லை. அமெரிக்க நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி 1958-இல் நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்களோடு குழுவைத் தொடங்கினார், சரி. ஆனால் அறுபதுகளிலேயே மற்ற இனத்தவரையும் சேர்த்துக்கொண்டார். ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்த மசாசூமி சாயா 1972-இல் ஆடவந்தார். 1991 முதல் இணைக் கலை இயக்குநராக நெடுங்காலம் இருந்தார்.

எய்லி 1989-இல் இறந்ததும் பொறுப்பேற்றவர் ஜூடித் ஜேமிசன். அவருக்காக எய்லி 1971-இல் அமைத்த தனிநடனம் ‘க்ரை’. எய்லி தன் தாய்க்குத் தந்த பிறந்தநாள் பரிசு அது. நீண்ட வெள்ளைத் துணி ஒன்று அதில் தரை துடைக்கும் துணியாகிறது, அப்புறம் அதுவே தலைப்பாகை. ஏறக்குறைய 16 நிமிடம், மேடையில் ஆடுபவர் ஒருவர்தான். குழுவை அறிய விரும்பினால் முதலில் அதைப் பாருங்கள். 2011-இல் பொறுப்பு ராபர்ட் பேட்டிலுக்குப் போனது.